மருதாணி விரலில் வராத எண்

மகளுக்குக் காது குத்திய மறு வாரம் சளி கட்டியது. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. அவளுடைய அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். நான் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஸ்டோரில், கொழுந்தை அரைத்துக் காய வைக்கும் இடத்தில், வேலை செய்தேன். பகலில் பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விடுவேன். வேலை முடியப் பிந்தினால் என் அக்கா தூக்கிக்கொண்டு போய் வைத்திருப்பாள்.

காது குத்துவதை மனைவி வரும்வரை தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் போனில் சம்மதிக்கவில்லை. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் குத்தியாகிவிட்டது, தன் பிள்ளை மட்டும் மூளிக் காதோடு இருக்கிறது என்று அழுதாள். குத்தி, போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னாள்.

அந்தப் போட்டோவுக்காகத்தான் அக்கா மருதாணி அரைத்தாள். கை விரல்களுக்கெல்லாம் தொப்பி போட்டாள், கால் விரல்களையும் விடவில்லை. காய்ந்ததை உதிர்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். போட்டோவில் தெரியாவிட்டால் அம்மாக்காரிக்கு மனசு கேட்காது என்றாள். கடைசியில் விரல் நுனிகள் நாவல்பழத்தைப்போல் கறுத்துவிட்டன. ரத்தோட்டையில் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தோம். பிள்ளை கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தது.

பிறகு மழையும் பனிமூட்டமும். சளி நெஞ்சுக்குள் இறங்கியது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டிஸ்பென்சர் ஐயா உதட்டைப் பார்த்தார், கையைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, நகத்தப் பூரா பூசி வச்சிருக்கீங்க. நீலம் பூத்திருக்கான்னு நான் எங்க பாக்குறது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. டவுனுக்குள் போகும் வழியில், சோதனைச் சாவடியில், நாங்கள் போன வேனை நிறுத்தினார்கள். அடையாள அட்டையை நான் முன்கூட்டியே கையில் எடுத்து வைத்திருந்தேன். ஆமிக்காரன் அட்டையைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், கையசைத்துப் போகச் சொன்னான். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. அட்டையைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தேன்.

வார்ட்டில் மூக்குக்குக் கீழே மெல்லிய குழாய் வைத்து ஒக்சிஜன் கொடுத்தார்கள். அதைக் கண்டதும் அக்கா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள்.

"மூக்குல குழாய் வச்சு நம்ம தோட்டத்துக்கு யாருடா உசிரோட திரும்பி வந்தாங்க? தூக்கிட்டுப் போயிருவோம்."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதே கடைசி நேரத்தில்தான். அதனால் குழாய் வைத்தவர்கள் யாரும் திரும்பியதில்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்காவும் வந்து நின்றாள்.

மிஸ்ஸி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். நர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பெட்டியிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு கிளிப். வார்ட்டுக்கு அது ஒன்றுதான் இருந்தது. கட்டில் கட்டிலாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரத்தத்தில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை இது எண்ணில் சொல்லும், காற்றைக் கொடுப்பது குழாய்தான் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினாள். எனக்குப் புரிந்தது. ஸ்டோரில் தேயிலை காயும் பெட்டிக்கு மேலே சூடு காட்டும் முள் இருக்கும். முள் தேயிலையைக் காய வைப்பதில்லை. ஆனால் அதைப் பார்க்காமல் விட்டால் தேயிலை கருகிவிடும்.

பிள்ளையின் விரலில் கிளிப்பைப் போட்டாள். எண் வரவில்லை. இரண்டு கோடுகள் மட்டும் மின்னின. தன் விரலில் போட்டுப் பார்த்தாள், தொண்ணூற்றெட்டு என்று வந்தது. திரும்பவும் பிள்ளைக்குப் போட்டாள். கோடுகள். அப்போதுதான் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்தாள். மருதாணி தேய்த்தால் போகுமா? கால் விரலைப் பார்த்தாள், அங்கேயும் அதே கறுப்பு. காதைத் தொட்டாள். குத்திய ஓட்டையில் வேப்பங்குச்சி, சுற்றிலும் வீக்கம். பிள்ளை வீறிட்டது.

இந்தப் பிள்ளையை அலங்காரம் பண்ணி, கிளிப் வைக்க ஓர் இடம்கூட மிச்சம் வைக்கவில்லையே என்றாள் மிஸ்ஸி. கோபமாகச் சொல்லவில்லை. அக்காவுக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அவள் பார்வை போன இடம் தெரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் மிஸ்ஸி சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரத்தில் கிளிப்பை வைத்தாள். எண் வந்தது. எண்பத்தேழு. ஒக்சிஜனைக் கூட்டினாள். கொஞ்சங் கொஞ்சமாக ஏறித் தொண்ணூற்று மூன்றில் நின்றது. ஆனால் கையை விட்டால் கிளிப் வழுக்கியது. என் விரல்களை எடுத்து அதன்மேல் வைத்தாள். அழுத்தாதே, விடவும் செய்யாதே, தொண்ணூறுக்குக் கீழே போனால் என்னைக் கூப்பிடு என்றாள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எண்கள் படிக்கத் தெரியும்.

தகப்பன்மார் பார்வையாளர் நேரத்துக்கு மட்டும்தான் அந்த வார்ட்டுக்குள் வரலாம். இரவில் அக்கா நிற்பாள். பகலில் அவள் தன் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவதற்கு மிஸ்ஸி என்னை இருக்க விட்டாள். சுற்றிலும் தாய்மார். பெண்களோடு எனக்குப் பேச வராது. கண்ணைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யட்டவத்தைப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருவர், தன் மகனுக்கு மூச்சிழுப்பு என்று வந்திருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"தம்பி, கலியாண மாப்பிள மாதிரி கையப் புடிச்சிக்கிட்டு ஈக்கிறீங்க. புள்ள ஓடிப் போகாது."

கட்டில்களில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். அவருடைய மகனின் முறை வந்தபோது பெட்டி அங்கே போனது. பெட்டி இல்லாத நேரத்திலும் நான் அந்தக் கையோரத்தை விடவில்லை. தொட்டுப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. சூடு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் பெட்டி திரும்பி வந்திருந்தது. தொண்ணூற்றிரண்டு இருந்தது. பிறகு தொண்ணூற்றொன்று. பிறகு எண்பத்தொன்பது, எண்பத்தாறு. பிள்ளை அழவில்லை, அசையவில்லை. மிஸ்ஸி வார்ட்டின் அந்தக் கோடியில் புதிதாக வந்த பிள்ளைக்கு ஊசி ஏற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள்.

"மிஸ்ஸி," என்றேன்.

சத்தம் வெளியே வரவில்லை. இயல்பிலேயே நான் மெதுவாகப் பேசுகிறவன். அந்த வருஷங்களில் டவுனில் சத்தம் போடாமல் இருப்பதும் பழகிப்போயிருந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். எழுந்து போனால் கிளிப் நழுவிவிடும், எண் போய்விடும். எண்பத்துநாலு.

பக்கத்துக் கட்டில் பெண் என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, அந்தச் சத்தம் ஒங்கட சட்டப் பொத்தானுக்கும் கேக்காது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, சிங்களத்தில் ஒரு கத்துக் கத்தினார். வார்ட்டே திரும்பியது.

மிஸ்ஸி ஓடி வந்தாள். மூக்கெல்லாம் சளி அடைத்துக் குழாயின் வாயும் மூடியிருந்தது. சளியை உறிஞ்சி எடுத்து, குழாயைத் துடைத்துத் திரும்ப வைத்தாள். பிள்ளை கையைக் காலை உதறியது. எண் போய்க் கோடுகள் வந்தன. நான் கையோரத்தைப் பிடித்துக்கொண்டு கோடுகளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் சாமியை நினைத்ததாகச் சொல்ல ஆசைதான். எதையும் நினைக்கவில்லை. பிறகு எண்பது வந்தது. எண்பத்தெட்டு வந்தது. தொண்ணூற்றுநாலு வந்து நின்றது.

இனிக் கையை எடு என்றாள் மிஸ்ஸி. என் விரல்கள் விரியவில்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டில் பெண் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வலது கையால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இடது கையால் வாங்கினேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

குழாயை எடுத்த பிறகும் சில நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். லயத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். மூக்கில் குழாய் வைத்துத் திரும்பி வந்த பிள்ளை என்று அதற்குப் பேராகிவிட்டது. நகம் வளர வளர அடியில் வெள்ளை தெரிந்தது. கறுப்பை அக்காதான் வெட்டி வெட்டி எடுத்தாள்.

மனைவியிடம் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள்? போட்டோ கிடைத்த பிறகு ரத்தோட்டையில் இருந்த போன் கடைக்கு, சொல்லிவைத்த நேரத்தில், போன் எடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"மருதாணி நல்லாப் புடிச்சிருக்குங்க. யாரு வச்சது, அக்காவா?"

"ஆமா."

"புள்ளகிட்டக் குடுங்க, ஒரு வார்த்த பேசட்டும்."

காதில் வைத்தேன். பிள்ளை பேசவில்லை. போனைக் கையால் பிடித்துக்கொண்டு வாயருகே வைத்து மூச்சு விட்டது. நான் திரும்ப வாங்கினேன்.

"பேச மாட்டேங்கிறாளே. மூச்சு விடுறதுதான் கேக்குது" என்றாள்.

"நல்லாக் கேக்குதா?" என்று கேட்டேன்.

"கேக்குது" என்றாள்.

போனைத் திரும்பவும் பிள்ளையின் வாயருகே வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.