அடியில் போட்ட மோதிரம்

என் சித்திக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். மூடி போட்டு வைப்பாள். உள்ளே ஆறாமல் கொதித்துக்கொண்டே இருக்கும்.

நாங்கள் வேலை பார்க்கும் நகைக்கடையில் மோதிரப் பகுதி அவளுடையது. அதிலும் அடுக்கு மோதிரம், அதாவது ஒரே விரலில் மெல்லிசாக நாலைந்து சேர்த்துப் போடுவது, அவள் கை பட்டால்தான் சரிப்படும் என்று முதலாளியே சொல்வார். கல் வைத்தது ஒன்று. அதன் இரண்டு பக்கமும் வெறும் கம்பி. பூவேலை இருந்தால் ஓரத்துக்குப் போய்விடும்.

"எல்லாமே மினுக்குனா எதுவும் மினுக்காதும்மா. வீட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி ஆயிடும்" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒன்று கூடுதலாக வாங்கிப் போவார்கள். பக்கத்து வளையல் பகுதியில் நிற்கும் நான் அதே குரலில் அதையே சொல்லிக் காட்டுவேன்.

"ஓட்டினது போதும், துணிய எடுத்துக் கண்ணாடியத் தொடை" என்பாள்.

ஊருக்கெல்லாம் அடுக்குகிறவள் விரல் மட்டும் மொட்டையாக இருக்கும். அவளிடம் இருந்தது ஒரே ஒரு மோதிரம். முறுக்கிய மெல்லிய கம்பி, ஒரு இடத்தில் முறுக்கு லேசாகத் தளர்ந்திருக்கும். அவள் அம்மா கடைசிவரை போட்டிருந்தது. என் அத்தை, அதாவது என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், அதை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனாள். திரும்பி வரவே இல்லை. மோதிரத்தைச் சொல்கிறேன். அத்தை தினமும் வந்தாள்.

சித்தி ஒருநாள் கேட்டும் பார்த்தாள். அத்தைக்கு மூக்கால் பேச்சு.

"எது, இதுவா? இது நான் வாங்கினதாச்சே! பொறந்த வீட்டுல இருந்து ஒரு குண்டூசியாவது கொண்டு வந்தியா நீ?"

சித்தப்பா சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். சித்தி "சரிங்க அண்ணி" என்றாள். மூடி விழுந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. ஒரு காலை, கடையைத் திறந்து ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில், தோழிகள் இரண்டு பேரோடு அத்தை வந்து உட்கார்ந்தாள். விரலில் அதே முறுக்கு மோதிரம்.

"இதோட சேர்த்துப் போட நாலு எடு. பாக்குறவங்க கண்ணு அவியணும்."

சித்தி சிரித்த முகமாகத் தட்டை எடுத்து வைத்தாள். தேர்ந்தெடுத்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. கல் ஒன்று, வழவழப்பான கம்பி இரண்டு, இலை வடிவம் ஒன்று. பிறகு அளவு பார்க்கும் வளையக் கொத்தை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணி, ஒத்த மோதிரத்துக்கு ஒரு அளவுன்னா அடுக்குக்கு ஒரு அளவு கூட எடுக்கணும். அஞ்சும் சேர்ந்தா இறுக்கும். குளிர்ல விரல் வேற சுருங்கியிருக்கு. உங்களுக்குக் கொஞ்சம் சதைப்பத்தான விரல்..."

அதில் ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் தோழிகள் எதிரில், அத்தையைப் பார்த்து, சதைப்பத்து! சித்தி கிழக்கே என்றால் அத்தை மேற்கே போவாள் என்பது எங்கள் வீட்டுச் சுவருக்கும் தெரியும்.

"யாருக்குடி சதை? ஒரு அளவு கம்மியாவே எடு!"

"சரிங்க அண்ணி. பழச அடியில தள்ளிடுங்க, புதுசு மேல எடுப்பா தெரியும்."

தோழிகளும் ஆமாம் போட்டார்கள். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கடைக்குள் ஓடி வந்தாள். விரல் கத்தரிக்காய் நிறம். சோப்பு, எண்ணெய் எதற்கும் மோதிரங்கள் அசையவில்லை.

கடைக்குப் பின்னால் நகை செப்பனிடும் பட்டறை அண்ணன் குட்டி ரம்பச் சக்கரத்தோடு வந்தார். மோதிரம் யாருடையது என்று சொந்தக்காரர் வாயாலேயே சொன்னால்தான் அவர் வெட்டுவார். எப்போதோ ஒரு இரவல் மோதிரத்தை வெட்டி வாங்கிக் கட்டிக்கொண்டது அப்படி.

"நுனியில இருந்துதான் வெட்டிட்டு வரணும்மா. இது யாருது?"

"என்னோடது."

"வெட்டவா?"

"வெட்டுய்யா!"

கிரீச் என்று ஒன்று வாயைப் பிளந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. கல் வைத்ததன் முறை வந்தபோது அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு "என்னோடது"க்கும் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது.

மிச்சம் அடியில் இருந்த முறுக்கு மோதிரம்.

"இது?"

சித்தி மேசை ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள். அத்தை இன்னொரு தடவை "என்னோடது" என்று சொல்லிவிட்டால் போதும், அம்மாவின் மோதிரம் துண்டுதான். அத்தைக்கும் அது தெரியும். சித்தியைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.

அதற்குள் பட்டறை அண்ணன், "இது முறுக்கும்மா, சக்கரம் வழுக்கும். தோல்ல பட்டாலும் படும்" என்றார்.

அத்தையின் வாய் அப்படியே நின்றது. சித்தி இழுப்பறையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நூல் சுத்தினா வெட்டாமலே வந்துடும் அண்ணி. ஆனா நான் என் பொருளைத்தான் தொடுவேன். அடுத்தவங்க பொருள் எனக்கு எதுக்கு?"

அத்தை ஏதோ முனகினாள்.

"கேக்கல அண்ணி."

"உன்னோடதுதான்டி! உங்கம்மாவோடது! எடுத்துத் தொலை!"

மூக்குக் குரல் எங்கே போனதோ, நெஞ்சிலிருந்து வந்தது.

சித்தி அவசரப்படவே இல்லை. நூல் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, விரல்கணு வரை நெருக்கமாகச் சுற்றினாள். தேவைக்கு மேலேயே இறுக்கினாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பிறகு நுழைத்த நுனியைப் பிடித்து மெல்லப் பிரித்தாள். மோதிரம் நூலின்மேல் ஏறி, முழுசாக அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. துடைத்துத் தன் விரலில் போட்டுக்கொண்டாள்.

பிளந்து கிடந்த நாலையும் தட்டில் ஒதுக்கினாள்.

"இதெல்லாம் பட்டறையில ஒட்டிக்கலாம் அண்ணி. இப்ப என்ன அளவு போடச் சொல்லட்டும்?"

அத்தை விரலை ஊதிக்கொண்டே இருந்தாள். ஊதலுக்கு நடுவில், "நீ சொன்ன அளவே போடு" என்றாள்.

"சத்தமா சொல்லுங்க அண்ணி. பட்டறை அண்ணனுக்குக் கேக்கணும்."

அவர் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.