பஸ் இன்ஜின் சூட்டில் இளகிய ஜெல்

ஜெல் உறைந்ததா என்று பார்க்க எங்கள் லேபில் ஒரே சோதனைதான். மூடிய குப்பியைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது விழக் கூடாது. சேலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கௌசல்யா கவிழ்த்தபோது, நீல ஜெல் தண்ணீராய் மூடிப் பக்கம் ஓடியது.

கௌசல்யா என் ஆராய்ச்சி மாணவி, திருச்செங்கோட்டுக்காரி. உலோக ஆக்சைடின் நானோ படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரவத்தில் மிதக்கும். அவற்றைக் கைகோக்க வைத்து, நுண்துளைகள் நிறைந்த வலையாகக் கட்டுவது எங்கள் வேலை. அவசரப்பட்டால் கட்டிதட்டி அடியில் உட்கார்ந்துவிடும். புதிய இணைப்பு மூலக்கூறு ஒன்றைச் சேர்த்து, முதல்முறையாக அவள் ஒழுங்கான ஜெல் எடுத்திருந்தாள். அதைக் காட்டினால்தான் ஆராய்ச்சியை மதிப்பிடும் கமிட்டி அவளை மேலே தொடர விடும்.

வாழப்பாடியில் ஏறியபோது பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. டிரைவர் இரக்கப்பட்டு, குப்பி இருந்த பையை வாங்கி இன்ஜின் பெட்டிமேல் வைத்துக்கொண்டார். சித்திரை வெயில் போதாதென்று அந்தச் சூடு வேறு. கமிட்டி அலுவலகம் போய்ச் சேரும்வரை அந்த நல்ல மனிதரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

காத்திருக்கும் அறையில் ஏசி நடுங்க வைத்தது. திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவள் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கூப்பிடும் நேரத்தில் மறுபடி கவிழ்த்தாள். விழவில்லை.

“மேடம், இது கெட்டுப் போகலீங்க. சூட்டுல கைய உட்டுருது, குளுந்துச்சுன்னா மறுக்காப் புடிச்சுக்குது.”

கட்டிய வலையை அவிழ்க்க அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கமிட்டித் தலைவரின் முதல் கேள்வி: தானாக உறைந்ததா, நீங்கள் உறைய வைத்தீர்களா? கௌசல்யா, ஆவி பறந்துகொண்டிருந்த அவருடைய டீ கிளாஸில் மூடிய குப்பியை இறக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஜெல் இளகியிருந்தது. ஏசிக்கு நேரே வைத்தாள். அவர்கள் மற்ற கேள்விகளை முடிப்பதற்குள் உறைந்துவிட்டது.

“அந்த டீயக் குடிச்சுப்போடாதீங்க சார்,” என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

ரசாயனங்களை மாற்றி மாற்றி நாங்கள் தேடிய, வலையைக் கட்டவும் அவிழ்க்கவும் ஆன பிடி, சூட்டில் இருந்தது. சோதனை கெட்டால் உடனே கொட்டிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் பாருங்கள் என்று இப்போது எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன்.

திரும்பும் பஸ்ஸிலும் கூட்டம்தான். டிரைவர் கேட்பதற்கு முன்பே நான் பையை இன்ஜின் பெட்டிமேல் வைத்தேன்.