கவிழ்த்த கூடை

"விட்டுட்டா பொழச்சிடுமா?" என்று ஒரு நாள் மீனைக் கடலில் விட்டபடியே சித்தி கேட்டாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று புரியாமல் நான் அப்போது சித்தி, சித்தப்பாவின் படகில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

தூண்டில் பிரியர்களை ஆழ்கடலுக்கு அழைத்துப் போவது அவர்கள் தொழில். இன்ஜின் சித்தப்பாவுடையது, சுக்கான் சித்தியுடையது. முட்டை வைத்த மீனைக் கடலுக்கே விட்டுவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. ஆனால் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும் மீனுக்குள் காற்றுப்பை ஊதிவிடும், கண் பிதுங்கிவிடும். விட்டாலும் மூழ்க முடியாமல் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். பறவைகள் கொத்தும். அதனால் சித்தி பின்னால் திரும்பிப் பார்ப்பதையே விட்டிருந்தாள்.

ஒருமுறை நங்கூரக் கயிற்றில் சிக்கி ஆழத்துக்குப் போன தெர்மோகோல் துண்டு, கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கித் திரும்பியது. அதைச் சமையலறை ஜன்னலில் வைத்து, அடுப்பில் பால் பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, விளிம்பில் இரும்புக் குண்டுகளையும், மேலே வந்த அடிப்பக்கத்தில் நீளக் கயிற்றையும் கட்டினாள்.

"மீனுக்கு லிஃப்டா?" என்றார் சித்தப்பா.

"ஆமாங்க. மேல கொண்டு வந்தவங்கதானே கீழ கொண்டு போய் விடணும்!"

அடுத்த பயணத்தில், மீன் பிடிக்க வந்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவரின் தூண்டிலில் கை நீளச் சிவப்பு மீன் ஒன்று ஏறியது. வயிறு நிறைய முட்டை. சித்தி அதைக் கூடையில் போட்டுவிட்டு, காற்றில் திரும்பிய படகை நேராக்கச் சுக்கானிடம் ஓடினாள். அதற்குள் சித்தப்பா கூடையின் வாயை வலைத்துண்டால் இறுகக் கட்டி, தலைகீழாகக் கடலில் இறக்கிவிட்டார். வெகுநேரம் கழித்துக் கூடை மேலே வந்தது. உள்ளே அதே மீன், முன்பைவிட வீங்கி.

"என்னங்க இது?"

"கீழ விழுந்துடக் கூடாதேன்னு..."

"விழத்தானேங்க அனுப்புறோம்!"

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. மீனின் செவுள் அசைவதே தெரியவில்லை. வலையை அறுத்தெறிந்து, மீனைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்மேல் கூடையைக் கவிழ்த்தாள். வீங்கிய மீன் கூடையின் அடியில் முட்டிக்கொண்டு நின்றது. கயிறு இறங்கியது.

இன்ஜினை அணைத்தோம். கடல் மூச்சு விடுவதுபோல் படகை ஏற்றி இறக்கியது. என் கண்ணுக்குள் பச்சை நீலமாகி, நீலம் கருத்து, கூடை இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கே தண்ணீர் மெல்ல அழுத்தும்; ஊதிய காற்று சுருங்கும்; பிதுங்கிய கண் தன் இடத்துக்குப் போகும். தன் கனம் திரும்பியதும், யாரும் திறந்துவிடாமலே, மீன் கீழே நழுவும். அடைக்கக் கூடாத கதவு அது.

சித்தியின் கையில் கயிறு ஒரு தடவை துடித்தது.

"போயிட்டா," என்றாள்.

கூடை வெறுமையாக வந்தது. அப்போதும் இன்ஜினைப் போட அவள் விடவில்லை. நிழல் இடம் மாறும்வரை தண்ணீரையே பார்த்திருந்தோம். வெள்ளையாக எதுவும் மேலே வரவில்லை. கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் சித்தி பின்னால் பார்த்துக்கொண்டே வந்தாள். சுக்கானைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

ஆழத்தில் தூண்டில் போடுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தக் கூடையைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். வாயைக் கட்ட வேண்டாம் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.