யூனியனுக்கு ஒரு மனு

அன்றைக்கு வண்டியில் இருந்தது சித்தப்பா, அத்தை, நான். அப்பா இல்லை, அவருக்குத் தீப்பெட்டி ஆபீஸில் பகல் ஷிப்டு. அம்மா இல்லை, தம்பிக்கு அம்மை போட்டிருந்ததால் வாசலில் வேப்பிலை சொருகிவிட்டு வீட்டோடு இருந்தாள். எப்போதும் கூட வருகிற கிளீனரும் இல்லை. ஊர்க் கோயில் கொடைக்குப் போனவன் போனவன்தான். எடைச்சீட்டைப் படிக்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஏற்றிக்கொண்டார்கள். நான் ஏழாவது படித்தேன். எங்கள் வீட்டில் அதுவே பெரிய படிப்பு.

பின்னால் எங்கள் தெரு மொத்தத்தின் மிளகாய் வத்தலும் மூட்டை மூட்டையாக இருந்தது. அதுவரை தரகர் லாரியில்தான் எல்லோரும் ஏற்றிவிடுவார்கள். சித்தப்பா தவணைக்கு வாங்கிய அந்தப் பழைய டீசல் வண்டியை நம்பி விருதுநகருக்கு வத்தல் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வருஷா வருஷம் ஓட்டம் உண்டு. நனைந்து கறுத்துப்போனால் மறுபடி ஒருத்தரும் ஏற்ற மாட்டார்கள், தவணைக்காரன் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். பங்குனி மாதம் என்றுதான் பேர். கிழக்கே மேகம் கரிசல் காடு மாதிரியே கறுத்துக் கிடந்தது. படுதா ஒன்று வைத்திருந்தோம். அதன் வழியாக வானம் பார்க்கலாம்.

எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. சித்தப்பா அப்படியே ஓரங்கட்டிவிட்டார். நாங்கள் வந்த ரோட்டில் கறுப்பாக எண்ணெய்க் கோடு நீண்டிருந்தது. அவர் அடியில் புகுந்து விரல் கனத்தில் ஒரு பைப்பைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஆயில் பைப்பு உடைஞ்சிருச்சுக்கா. யூனியன் வாங்கணும். கோவில்பட்டிக்குப் போனாத்தான் கெடைக்கும்."

"நீ போயிட்டு வாயேம்ல."

"மழை அடிச்சா மூட்டைய நீ எறக்குவியா? நீங்க ரெண்டு பேரும் போங்க. மாதிரிக்கு இதக் காட்டுங்க."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பழைய பேப்பரில் பைப்பைச் சுற்றி என் கையில் திணித்து ஏற்றிவிட்டார். வேறு விவரம் எதுவும் கேட்க நேரமில்லை. அத்தைக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முந்தின வருஷம் எங்கள் தெருக்குழாய் உடைந்தபோது, கோவில்பட்டி பஞ்சாயத்து யூனியன் ஆபீஸுக்கு நடையாய் நடந்து, மனு கொடுத்து, புதுப் பைப்பு போட வைத்தவள் அவள்தான். பைப்பு உடைந்தால் யூனியன். அதில் என்ன சந்தேகம்?

"சும்மா போயி நின்னா அவிய குடுக்க மாட்டாவ. மனு எழுதணும்லா," என்றாள் பஸ்ஸில்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் வெள்ளைத்தாள் வாங்கி முழங்காலில் வைத்து எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே மனு லீவ் லெட்டர். ஆகவே, எங்கள் வண்டிக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால் வத்தல் மூட்டைகள் நடுரோட்டில் நிற்கின்றன என்றும், மழை வரும்போல் இருப்பதால் ஐயா அவர்கள் எங்களுக்கு யூனியன் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்வதாகவும் எழுதி, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று முடித்தேன். வாசித்துக் காட்டச் சொல்லி அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். 'பணிவுடன்' வந்த இடத்தில் தலையை ஆட்டினாள்.

யூனியன் ஆபீஸில் கண்ணாடி போட்ட கிளார்க் அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு நான் கொண்டுபோயிருந்த பைப்பைப் பார்த்தார். எங்களை உள்ளே அதிகாரியிடம் அழைத்துப் போனார். அதிகாரி படித்து முடிக்கும்வரை அத்தை கைகட்டி நின்றாள். எனக்கு எழுத்துப்பிழை ஏதும் விட்டுவிட்டோமோ என்ற பயம்.

"நீயா எழுதினே?"

"ஆமா சார்."

"கையெழுத்து நல்லா இருக்கு. விடாமப் படி." அவர் மனுவின் ஓரத்தில் பச்சை மையால் 'ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஜீப் டிரைவரைக் கூப்பிடச் சொன்னார்.

ஜீப் டிரைவர் வெற்றிலை போட்ட பெரிய ஆள். மனுவையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தவர், சட்டென்று வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். துப்பிவர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"வாங்கக்கா போவோம். மனு பாஸாயிருச்சு."

"ஜீப்புலயா அண்ணாச்சி?"

"ஜீப்பு சர்க்கார் வேலைக்கு. மனு நடந்துதான் போவும்."

மெயின் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இல்லை என்றார்கள். அடுத்த கடையில் இருந்ததன் திருகு மரை எங்கள் பைப்பில் சேரவில்லை. உங்கள் வண்டி பழைய மாடல், மதுரையிலிருந்து வரவழைக்க ரெண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை வாசலில் இறங்கி வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. "அவன் வண்டி போச்சு," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

"இருங்கக்கா. இன்னும் ஒரு கடை கெடக்கு."

சந்துக்குள் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். மஞ்சளும் வெள்ளையுமாக மூடி மூடியாகக் குவிந்தன. டிரைவர் ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் பைப்பில் வைத்துத் திருகிப் பார்த்தார்.

"இதெல்லாம் என்னது அண்ணாச்சி?" என்று கேட்டாள் அத்தை.

"எல்லாம் யூனியன்தாங்க்கா. பைப்பு ரெண்ட இணைக்குதது. வண்டிக்கு வண்டி சைஸு வேற."

அத்தை அந்தக் குவியலைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். நான் வேறு யோசனையில் இருந்தேன். ஆபீஸில் எழுதிக் கொடுத்தால் ரேஷன் கடையில் அரிசி கிடைப்பதுபோல, அரசாங்கம் தன் யூனியன்களை இந்தக் கடையில் போட்டு வைத்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் மனு எழுதத் தெரியாமல் எத்தனை வண்டி ரோட்டில் நிற்கிறதோ என்று.

ஒன்று கடைசிவரை இறங்கி இறுகியது. கடைக்காரர் புதுப் பைப்பை அளவுக்கு வெட்டி, நுனியை விரித்து, யூனியனைப் போட்டுக் கொடுத்தார். அத்தை முந்தி முடிச்சை அவிழ்த்துப் பணம் கொடுத்தாள். டிரைவர் டீ கூடக் குடிக்கவில்லை. எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, "படிக்கிற பிள்ளைய அடுத்த வாட்டி லீவு போட வைக்காதீங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அந்த மனுஷன் பேர்கூட எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு கோவில்பட்டியில் எந்த ஜீப்பைப் பார்த்தாலும் உள்ளே யார் என்று எட்டிப் பார்ப்பேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் அவருக்கும், அந்தக் கிளார்க்குக்கும், பச்சை மை அதிகாரிக்கும் இன்னும் இடம் இருக்கிறது.

அத்தை எங்கள் தெருவில் யாரையும் சும்மா விட்டதில்லை. யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் அதையே பட்டப்பெயராக வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். ஊரில் அதற்கப்புறம் யாருக்கு மனு தேவையென்றாலும் என் பெயரைச் சொல்லி அனுப்புவாள். "அவன் எழுதுனா ஆபீஸரு எந்திரிச்சு நின்னு குடுக்காவ." பாலிடெக்னிக்கில் வாத்தியார் பலகையில் குழாய் இணைப்பு ஒன்றை வரைந்து, கீழே 'யூனியன்' என்று எழுதிய அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வகுப்பில் நான் மட்டும் சிரித்ததற்கு வெளியே நிற்க வைத்தார்.

வண்டி நின்ற இடத்துக்கு நாங்கள் திரும்பியபோது காற்று அடங்கியிருந்தது. சித்தப்பா ஓடிவந்து பேப்பரைப் பிரித்தார்.

"கரெக்டா வாங்கியாந்துட்டீங்களே. எந்தக் கடையில?"

"கடையா?" என்றேன். "யூனியன் ஆபீஸ்ல மனு எழுதிக் குடுத்து வாங்குனோம் சித்தப்பா. நாந்தான் எழுதினேன்."

சித்தப்பா வாயைத் திறந்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏலே, மழை வருது. வேலையப் பாரு."

அவர் அவசரமாக வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் இரண்டும் வெகுநேரம் குலுங்கிக்கொண்டே இருந்தன. மரை ரொம்ப இறுக்கம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டுக்கு அடியில் கிடந்த டின் ஆயிலை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். விருதுநகரில் கடைசி மூட்டை எடையேறி உள்ளே போன பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. பைப்பு, யூனியன், வாஷர் ரெண்டு, பஸ்ஸுக்குப் போகவர, மனு எழுத வெள்ளைத்தாள் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு எழுபத்திரண்டு ரூபாய்.