சாட்சியைத் திருத்திச் சொன்னவர்

அன்று விடிந்ததிலிருந்தே மழை. மழையென்றால் ரப்பர் மலையில் பால் வெட்டு இல்லை. அதனால் பால் வெட்டும் என் தம்பி ராஜன் வீட்டில்தான் இருந்தான். பாட நேரத்தில் அவன் எனக்கு ஒருபோதும் போன் பண்ணமாட்டான். ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவன் பெயர் போனில் தெரிந்ததும் பயந்துகொண்டேதான் வராந்தாவுக்குப் போனேன். "அக்கா, பாஸ்டரம்மா போயிட்டாங்க" என்றான். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். த்ரீவீலரில் ஏற்றித் தெரணியகலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் அவருக்கு வெகுநாளாக இருந்தன. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் என்னை வழிமறித்த ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒரே கேள்விதான்: "தானா செஞ்சிக்கிட்டதா, டீச்சர்?" மனநோயாளி என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் நம் ஆட்கள் அவருக்கு மாரடைப்பில் சாகக்கூட அனுமதி தருவதில்லை. இல்லை, அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. அவரை அறிந்தவர்களுக்கும், அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எஸ்தர் ராணி என்ற பெயர் இறுதிச் சடங்கு நோட்டீஸில்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தோட்டத்துக்கு அவர் பாஸ்டரம்மா. கீழ் டிவிஷனில் பழைய களஞ்சியக் கட்டடத்தைச் சுத்தம் செய்து அவருடைய கணவர் சபை நடத்தினார். நாங்கள் மாரியம்மன் கோவில் குடும்பம். அந்தச் சபையோடு எங்களுக்கிருந்த உறவெல்லாம் ஒலிபெருக்கி வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்கும், வேண்டுமென்றாலும் வேண்டாமென்றாலும். அதில் அடிக்கடி வருவது பாஸ்டரம்மாவின் சாட்சி, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன் சொல்வது. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. "என்னைக் கட்டி வச்சிருந்தாங்க. துணியைக் கிழிச்சிக்கிட்டு ஓடுனேன். யாராலயும் முடியல. கர்த்தர் தொட்டார். சுகமானேன்" என்று அவர் சொல்லும்போது சபையே அழும். நான் தமிழ் டீச்சர் என்பதால் எனக்கு வேறொன்று காதில் விழும். எல்லாம் இறந்தகாலம். சாட்சி என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது, நோய் முடிந்துபோன பிறகுதான் வாய் திறக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ராஜன் ஒருநாள் சொல்லாமல் வீட்டுக்கு வந்தான். தூக்கமில்லை. கடைத்தெருவில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். போனைத் துணியில் சுற்றி வாளிக்குள் போட்டு மூடினான். அம்மா கோவிலுக்குப் போனார், கோடாங்கிக்காரரிடம் போனார், சேவல் அறுத்தார், எலுமிச்சம்பழம் வெட்டினார். கடைசியில் நான்தான் சண்டை போட்டு அவனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளை தூங்கினான். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பழைய ராஜன் மெல்லத் திரும்பி வந்தான்.

ஆனால் மாத்திரையால் கை நடுங்கியது, வாயில் எச்சில் ஊறியது, உடம்பு பருத்தது. டவுனில் அந்தக் கிளினிக்குக்கு 'பிஸ்ஸு கிளினிக்' என்றுதான் பெயர். சிங்களத்தில் பிஸ்ஸு என்றால் பைத்தியம். "மாத்திரை குடிக்கிற வரைக்கும் அவனப் பைத்தியம்னுதானே சொல்லுவாங்க?" என்று அம்மா கேட்டார். அவருக்கு நோயைவிட மாத்திரைதான் பெரிய வெட்கம். "பாஸ்டரம்மாவுக்கு நல்லாச்சே, இவனுக்கு ஆகாதா?" என்று சபைக்குக் கூட்டிப்போனார். பாஸ்டரம்மா அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். கொஞ்ச நாளில் அவனும் மைக்கைப் பிடித்து, தான் சுகமாகிவிட்டதாகச் சாட்சி சொன்னான். அவ்வளவு மகிழ்ச்சியோடு அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. சாட்சி சொன்னவன் பிறகு எப்படி மாத்திரை குடிப்பான்? குடித்தால் சொன்னது பொய்யாகிவிடுமே. நிறுத்திவிட்டான்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ராஜன் காணாமல் போனான். எங்கேயோ ஒரு கிராமத்தில் யாருடைய முற்றத்திலோ போய் நின்றிருக்கிறான். திருடன் என்று நினைத்து மரத்தில் கட்டி அடித்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த, எங்கள் தோட்டத்துக்கும் சவாரி வரும் த்ரீவீலர்க்காரர் ஒருவர் அவனை அடையாளம் கண்டு, கட்டை அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். அவர் சிங்களவர். எங்கள் யாரையும் குறை சொல்லாமல், "பாவம் நங்கி, பெஹெத் நவத்தன்ட எபா" என்றார். பாவம் தங்கச்சி, மருந்தை நிறுத்தவேண்டாம் என்று அர்த்தம்.

வார்டுக்கு வெளியே பாஸ்டரம்மா வந்து நின்றார். கையில் வேதாகமம் இல்லை. ராஜனின் வீங்கிய முகத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "டீச்சர், நானும் மாத்திரை குடிக்கிறேன். நோய் வந்த அன்னைக்கிலேருந்து இன்னைக்கு வரைக்கும் நிறுத்துனதில்ல" என்றார். எனக்கு முதலில் விளங்கவேயில்லை. மாத்திரைகளைக் கணவர் வேறு ஊரில் வாங்கி வருவாராம். இவர் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாராம். "அப்ப ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டேன். "சாட்சி சொன்னவ மாத்திரை குடிக்கிறான்னு தெரிஞ்சா கர்த்தருடைய பேரு கெட்டுப் போயிரும்னு சபைப் பெரியவங்க சொன்னாங்க. நானும் நம்புனேன்."

"உங்க கர்த்தருடைய பேரு தப்பிச்சிருச்சு. என் தம்பிதான் அடிபட்டுக் கெடக்கிறான்" என்றேன். அப்படிச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. அவரும் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை சபைக்கு வாங்க, டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போனேன். கடைசி வரிசையில், எழுந்து போக வசதியாக, வாசலோரம் உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் பாஸ்டரம்மா முன்னால் வந்தார். வழக்கமான கதை வரும் என்று எல்லோரும் கைக்குட்டையோடு காத்திருந்தார்கள். அவர் சொன்னது இதுதான்: "நான் நோயாளியா இருக்கேன். தெனமும் மாத்திரை குடிக்கிறேன். கர்த்தரையும் விசுவாசிக்கிறேன். நான் சுகமானேன்னு சொன்னத நம்பி ஒரு பிள்ளை மாத்திரைய நிறுத்திட்டான். இப்ப ஆஸ்பத்திரியில இருக்கான். இனிமே யாரும் என்னப் பார்த்து நிறுத்தாதீங்க." முன்வரிசையில் இருந்த சபை மூப்பர் எழுந்து, "இது அவிசுவாசம், உட்காருங்க" என்றார். அப்போது பாஸ்டர் மைக்கை வாங்கி, "என் மனைவி சொல்றது உண்மை. மாத்திரை வாங்கிக் குடுத்தது நான்தான்" என்றார். என் கோபம் அப்படியே இருந்தது, அதோடு வேறு ஏதோவும் சேர்ந்துகொண்டது.

அந்த ஞாயிறுக்குச் சபை கொடுத்த விலை பெரிது. மூப்பரோடு பாதிப்பேர் கிளம்பி மேல் டிவிஷனில் தனிச் சபை வைத்தார்கள். காணிக்கை குறைந்தது. பாஸ்டரம்மா மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனார். சாமான் விலை ஏறி, லயத்தில் பல வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டிருந்த காலம் அது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் தலை சுற்றும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் ஜெபம் கேட்டு யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான். "சாப்பிடாதவங்களுக்கு நான் ஜெபம் பண்றதில்ல" என்று சிரிப்பார். சபையில் ஞாயிறுதோறும் ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும் வந்தது அப்படித்தான். என் அம்மாகூட மா பிசையப் போனார். மதம் மாறிவிட்டாரா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அம்மா ரொட்டி சுடத்தான் போனார், அவ்வளவுதான்.

கிளினிக் நாளில் ராஜனையும் இன்னும் சிலரையும் சேர்த்துக்கொண்டு அவரே பஸ் ஏறுவார். போனால் வேலைப் பதிவேட்டில் அன்றைய பேர் போய்விடும், அன்றைய சம்பளம் இல்லை. அதற்காகவே போகாமல் இருந்தவர்கள் பலர். அவர்கள் வாசலில் போய் நின்று கூப்பிடுவார். கண்டக்டர் ஒருநாள் இவர்களைப் பார்த்து, "பிஸ்ஸு கட்டிய எனவா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். பைத்தியக் கூட்டம் வருகிறதாம். பாஸ்டரம்மா பையிலிருந்து பணத்தை எடுத்து, "ஓவ் மல்லி, ஒக்கோட்டம டிகட் தென்ன" என்றிருக்கிறார். ஆமாம் தம்பி, எல்லோருக்கும் டிக்கட் கொடு. பஸ்ஸே சிரித்ததாம். ராஜன் இதை வீட்டில் நடித்துக் காட்டியபோதுதான், அவன் நோயைப் பற்றி நாங்கள் முதன்முதலாகச் சிரித்தோம்.

அவரைப் புனிதவதி ஆக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில மாதங்களில் அவருக்கே முடியாமல் போகும். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். பார்க்கப் போன என்னிடம் ஒருநாள், "ஏன் வந்தீங்க, வேடிக்கை பார்க்கவா?" என்று கத்தினார். மற்றொரு நாள் கேட்டார்: "டீச்சர், அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தா ராஜன் அடிபட்டிருப்பானா?" அடிபட்டிருக்கமாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல எனக்கு வரவில்லை, எழுந்து அவருக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் அவர் போயிருப்பார்.

உடல் வீட்டில் கிடந்தபோதே அடுத்த பேச்சு கிளம்பிவிட்டது. மாத்திரைதான் அவருடைய இருதயத்தைத் தின்றுவிட்டதாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து ராஜனைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பார்வை. ராஜன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இனி அவனை யார் கிளினிக்குக்குக் கூப்பிடுவார்கள், அவன் யாரை நம்புவான் என்ற பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

அடக்க ஆராதனைக்கு வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்யும் ஓர் ஊழியர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், யாரோ அவருக்குப் பழைய கதையைச் சொல்லியிருந்தார்கள். "இந்தச் சகோதரி பிசாசின் பிடியில் இருந்தாங்க. ஜெபத்தால சுகமானாங்க. அதுக்குப் பிறகு ஒரு மாத்திரைகூடத் தொடாம வாழ்ந்தாங்க" என்று பெட்டியின் பக்கத்தில் நின்று சொன்னார். உண்மை தெரிந்தவர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தோம். செத்த வீட்டில் எதற்கு என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பாஸ்டர் அழுதுகொண்டிருந்தார், அவருக்குக் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

பின்னாலிருந்து ராஜனின் குரல் கேட்டது. "ஐயா, மன்னிச்சுக்குங்க. பாஸ்டரம்மா கடைசி வரைக்கும் மாத்திரை குடிச்சாங்க. நானும் குடிக்கிறேன்." எங்கள் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை. "பாஸ்டரம்மா நெஞ்சு வலியில செத்தாங்க, மாத்திரையால இல்ல. யாரும் நிறுத்தாதீங்க" என்றான். பாஸ்டர் எழுந்து கூட்டத்துக்குள் நடந்து வந்து அவன் தோளில் கை போட்டு நின்றார். ஊழியர் ஜெபத்தைத் தொடங்கினார்.

மறுவாரம் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை என்னைப் பாதையில் நிறுத்தினார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. பால் வெட்டுறவன் கையில கத்தி இருக்கு. எல்லாரும் கேக்குறாங்க" என்றார். அவன் இத்தனை காலமாகக் கத்தி பிடித்து வேலை செய்தவன்தான். மாத்திரை குடிப்பது அவருக்கும் தெரியாததல்ல. வாயைத் திறந்து சொல்லிவிட்டான், அதுதான் இப்போது குற்றம். டாக்டரிடம் கடிதம் வாங்கித் தருகிறேன் என்றேன். வேலை இருக்குமா, எடுத்துவிடுவார்களா என்று இதை எழுதும்வரை தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

பாஸ்டரம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்டால் ராஜனைத்தான் காட்டுவேன். அவன் அடிபட்டதில் அவருக்குப் பங்குண்டு, இன்றைக்கு எழுந்து நிற்பதிலும் பங்குண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க என்னால் முடியவில்லை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறான். பக்கத்து லயத்து ஆட்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான்.