வேண்டாமென்றாலும் உயிர் போகாத ஆபரேஷன்

ஆண்டவரின் இரக்கத்தை ருசித்த சகோதரிகளே, வெட்கம் பார்த்தால் இதைச் சொல்லவே முடியாது. அதனால் வெட்கத்தை விட்டே எழுதுகிறேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு புற்றுநோய் வந்து என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நான் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவத்து ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை நான்தான் பார்த்துக்கொள்வேன். சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு, கொழும்பில் ஒரு டாக்டர் என் முதுகுச் சதையைக் கொண்டுவந்து மார்பு வைத்துக் கொடுத்தார். வருஷம் ஒன்று போவதற்குள் தழும்பு இறுகி, அது சுருங்கிக் கோணலாக மேலே ஏறிவிட்டது. சட்டைக்குள் துணியை மடித்து வைத்துச் சமாளித்தேன். ஒருநாள் இடுப்பிலிருந்த குழந்தை அந்தத் துணியை உருவி, பால் கொடுக்க வந்த தாய்மார் முன்னால் ஆட்டிக் காட்டியது. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

டாக்டரிடம் போனேன். "நோய் திரும்பல. தழும்பைத் தளர்த்தி இதைச் சரிபண்ணலாம். பண்ணாட்டியும் உயிருக்கு ஒன்னுமில்ல. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

உயிருக்கு ஆபத்தென்றால் யோசிக்க வேண்டியதில்லை. இதற்கு என்ன காரணம் சொல்லிப் போவது?

என் வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் வேலை செய்கிறவர். நாலு வார்த்தை பேசவே நாள் பார்ப்பார். "எனக்கு நீ இப்படியே போதும்" என்றார்.

"உங்களுக்குப் போதுங்க. எனக்குப் போதலையே. மறுபடி ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "ஆண்டவரே, இது வீண் ஆசையென்றால் என்னைவிட்டு எடுத்துப்போடும். இல்லையென்றால் இவர் வாயாலேயே போகச் சொல்லவையும்" என்று தினமும் ஜெபித்தேன்.

எங்கள் லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் வீடுகளின் நடுச்சுவர் கூரையைத் தொடாது; பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ரோசம்மா அக்கா காதில் "மறுபடி ஆபரேஷன்" மட்டும் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டப் பெண்கள் எல்லாரும் உபவாசமிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு நோய் திரும்பிவிட்டதென்று அழுது ஜெபித்தார்கள். பட்டினி கிடந்து வந்தவர்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"உசுருக்கு ஒன்னுமில்லக்கா. கோணலா இருக்கு. அத நேராக்கத்தான்" என்றேன்.

ரோசம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி, அத மொதல்லயே சொல்லியிருந்தா காலைல ஒரு ரொட்டியாச்சும் தின்னுருப்பேன்" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள், வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் உள்ளே வந்து முழங்கால் போட்டார். நாலு பேர் முன்னால் வாய்திறந்து ஜெபித்தே அறியாதவர்.

"ஆண்டவரே, அவ ஆசப்படுறா. பயப்படுறது நாந்தான். இவள அனுப்பி வைக்கிறேன். பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க."

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ரோசம்மா அக்காதான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இல்லை. எனக்கு அது போதும். இப்போது கூட்டத்தில் முதல் ஜெபம் என் வீட்டுக்காரருடையதுதான். நீளமாகத்தான் பண்ணுகிறார், பொறுத்துக்கொள்கிறோம்.

உயிரைக் கேட்டபோது கொடுத்த ஆண்டவர், என் மனது கேட்டதையும் கொடுத்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். சகோதரிகளே, இதையெல்லாமா அவரிடம் கேட்பது என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது எதுவோ, அதை இன்றைக்கே கேளுங்கள்.