பாதி வழிப் பரிசு

அந்த வீட்டில் இருந்த குக்கர் அவள் ஜெயித்தது. இஸ்திரிப் பெட்டி அவள் ஜெயித்தது. சுவர்க் கடிகாரங்கள் இரண்டும் அவள் ஜெயித்தவைதான். ஒன்று சமையலறையில் இருந்தது, மற்றொன்று வேறு இடம் கிடைக்காமல் குளியலறைக் கதவுக்கு எதிரே தொங்கியது. நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளும் அப்படி வந்தவையே. இத்தனைக்கும் அவள் ஒரு சைக்கிள் பந்தயத்தில்கூட முதலாவதாக வந்தது கிடையாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் பாதி வழியில் ஏதாவது ஒரு கடைத்தெருவில் சாலைக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். அதை முதலில் தாண்டுகிறவருக்கு அந்தத் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பரிசு கொடுப்பார்கள். கடைக்காரர்கள் கொடுப்பது என்றால் கடையில் இருப்பதுதானே! பெயர் வாங்கிய பெண்கள் யாரும் அந்தக் கோட்டைச் சட்டை செய்யமாட்டார்கள். பாதியில் கால் பலத்தைச் செலவழித்துவிட்டால் முடிவில் மூச்சு மிஞ்சாது என்று அவர்களுக்குத் தெரியும். இவளோ அந்தக் கோட்டுக்காகவே வருகிறவள். உயிரைக் கொடுத்து மிதிப்பாள், சாமானை ஜெயிப்பாள், அப்புறம் காற்றுப் போன டியூப் மாதிரி பின்தங்கி, கடைசியில் வருகிறவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்து சேர்வாள். முதன்முதலில் ஜெயித்த பொருளே பெயராக ஒட்டிக்கொண்டது. பந்தயக்காரர்கள் நடுவில் அவளைக் 'குக்கர்' என்றால்தான் தெரியும். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

வயது இருபத்திரண்டு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் பிற்பகல் இரண்டு மணி வரைக்கும் ஆவியும் சோப்பு வாடையும்தான். மெஷினிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை எதிரே ஒருத்தி ஒரு முனையைப் பிடிக்க, இவள் மறுமுனையைப் பிடித்து, உதறி, மடித்து, அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவள் காலுக்கு ஓய்வு கிடைப்பதே சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.

குடியிருந்தது அக்கா வீட்டில். ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டாவது மாடி. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் சைக்கிள் நிற்கும். அக்காவுக்கு ஏழாம் மாதம். அந்த இடுக்கில் பக்கவாட்டில் திரும்பினால்கூட இப்போது வயிறு இடிக்கிறது. "உன் சைக்கிளுக்கும் என் வயித்துக்கும் சேத்து இந்த வீட்டுல இடமில்லடி. ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும்" என்பாள். சொல்லிவிட்டு அவளே ஒரு பழைய துணியால் சங்கிலியைத் துடைத்து வைப்பாள்.

சைக்கிள் என்று சொன்னாலும் அது பல சைக்கிள்களின் கூட்டுக்குடும்பம். சட்டம் ஒரு கம்பெனி, கைப்பிடி இன்னொரு கம்பெனி. பின் சக்கரம் எங்கே பிறந்தது என்று அதைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக்குக்கே தெரியாது. டயரில் விழுந்த வெட்டுக்கு உள்பக்கமாக, காலியான பற்பசை டியூபை வெட்டி ஒட்டியிருந்தாள். ஷூ ஒரு அளவு பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும். பந்தயச் சட்டை அக்கா தைத்தது. அக்கா ஒரு கடையில் துணிகளை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கும் தையல்காரி. மீந்த துணிகளை ஒட்டுப்போட்டு, முதுகில் மூன்று பை வைத்து, நன்றாகவே தைத்திருந்தாள். ஒரே குறை, நடுப்பை ஆழமாகிவிட்டது. அதில் போட்ட வாழைப்பழத்தை எடுக்க முழங்கை வரை கையை விட வேண்டும்.

பயிற்சி கொடுத்தது மாமாவின் லாரி. அக்கா புருஷன் தண்ணீர் கேன் லாரி ஓட்டுகிறவர். பிற்பகலில் காலி கேன்களோடு புறவழிச்சாலையில் திரும்பும்போது, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு இவள் மிதிப்பாள். முன்னால் லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவளுக்கு மறைவு. தனியாக எட்ட முடியாத வேகத்தை எட்டலாம். மாமா ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைக் கீழே காட்டினால் வேகம் குறைகிறது என்று அர்த்தம். இரண்டு விரல் காட்டினால் பள்ளம்.

"எல்லாரும் முன்னாடி பாத்து லாரி ஓட்டறாங்க. நான் ஒருத்தன்தான் பின்னாடி பாத்து ஓட்டறேன்" என்று மாமா வீட்டுக்கு வந்து கழுத்தைத் தேய்த்துக்கொள்வார். ஆனாலும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் மெக்கானிக் அவளைக் கூப்பிட்டு ஒரு நோட்டீஸை நீட்டினார்.

"எண்பத்து நாலு கிலோமீட்டர். பாதி வழியில என்ன குடுக்கறாங்க பாரு."

மோட்டார் வைத்த தையல் மெஷின்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அக்காவைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்வதைப் பற்றிக் கடைக்கார அம்மா பிடிகொடுத்துப் பேசவில்லை. அக்கா அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. ஆனால் சில நாட்களாக ஜன்னல் ஓரத்தில் நின்று அந்த இடத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். இவள் அதைப் பார்த்திருந்தாள்.

நுழைவுக் கட்டணத்துக்குக் கையில் இருந்தது போதவில்லை. குளியலறைக்கு எதிரே தொங்கிய கடிகாரத்தைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் மீதிப் பணத்தைக் கொடுத்து அதை வாங்கி, கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

பந்தய நாள் காலை புறப்படும் இடத்தில் நாற்பது பெண்கள் நின்றார்கள். முன்வரிசையில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், அதே பந்தயத்தை மூன்று தடவை ஜெயித்தவள், இறகு மாதிரி லேசான சைக்கிள் வைத்திருப்பவள். நல்ல மனுஷிதான். போன மாதம்தான் இவளுக்குத் தன் பழைய கையுறைகளைக் கொடுத்திருந்தாள். அவள் தன் கூட்டாளிகளிடம் சொன்னது இவள் காதில் விழுந்தது.

"பாதி வழியில குக்கர் ஓடுவா. யாரும் துரத்தாதீங்க. சாமான் கிடைச்சதும் அவளே நின்னுடுவா."

அதில் கேலி இல்லை. அதுதான் சுருக்கென்றது. மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

தையல் மெஷின் என்றதும் வேறு சிலருக்கும் ஆசை வந்திருந்தது. நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி இவள் பின் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் கடைசி முந்நூறு மீட்டரில் பாய்ந்தால் அந்தப் பெண் முந்திவிடுவாள் என்று குக்கருக்குப் பயம். அதனால் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே, பாலத்து ஏற்றத்தில், எழுந்து நின்று மிதித்தாள். நர்ஸிங் பெண் பாதிப் பாலம் வரை வந்து விட்டுவிட்டாள். பின்னால் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். சிரிப்பும் கேட்டது.

கடைத்தெருவில் ஜனங்கள் கைதட்டினார்கள். ஒரு மேஜைமேல் சாம்பல் நிற மெஷின் வெயிலில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். முடிந்தது. வந்த வேலை முடிந்தது.

பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தெருக்கோடி வரை சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. டீச்சர் சொன்னபடியே அவர்கள் துரத்தவில்லை; சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு வருகிறார்கள் போலிருக்கிறது. இன்னும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் இருந்தது.

நின்றுவிட்டால் சுகமாக இருக்கும். கால் இரண்டும் கெஞ்சின. ஆனால் அவளே நின்றுவிடுவாள் என்ற அந்தக் குரல் காதுக்குள் இருந்தது. இவ்வளவு பேரும் தன்னை இவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று முதல் தடவையாக எரிச்சல் வந்தது. அடுத்த வளைவு வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று மிதித்தாள். வளைவு வந்தது. அதற்கடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் என்று வைத்துக்கொண்டாள்.

பங்க்கைத் தாண்டியதும், பந்தயத்தோடு மோட்டார் சைக்கிளில் வரும் மேற்பார்வைக்காரர் பக்கத்தில் வந்தார். கையில் இடைவெளியை எழுதிக் காட்டும் பலகை.

"என்னம்மா, நீ நிக்கலையா?"

"இல்லண்ணே."

"சாமான் வாங்கிட்டியேம்மா!"

"வாங்கிட்டேண்ணே. எவ்வளவு இருக்கு பின்னாடி?"

அவர் பலகையைத் திருப்பினார். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. அவருக்கே நம்பிக்கை இல்லாத முகம்.

அதன்பிறகு காற்று எதிரே வந்தது. முன்னால் லாரியும் இல்லை, மறைவுக்கு ஒரு முதுகும் இல்லை. தலையைக் கைப்பிடிக்குத் தாழ்த்தி, மாமாவின் கேன்கள் முன்னால் கடகடக்கின்றன என்று நினைத்துக்கொண்டாள். பசித்தது. நடுப்பையில் கையை விட்டாள். வாழைப்பழம் அடியில் கிடந்து விரலுக்குத் தட்டுப்பட்டதே தவிரக் கைக்கு வரவில்லை. இரண்டு தடவை சைக்கிள் ஆடியது. கடைசியில் பழம் நசுங்கிக் கூழாகி விரலோடு வந்தது. அதை அப்படியே நக்கினாள். அக்காவைத் திட்டினாள். திட்டும்போதே சிரிப்பு வந்தது.

பலகை ஒரு நிமிஷம் நாற்பது விநாடி என்றது. பின்னால் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்று ஐந்து. அப்புறம் நாற்பது விநாடி. கடைசி ஏற்றத்தில் வலது தொடை கல்லாக இறுகியது. ஒரு கையால் அதைக் குத்திக்கொண்டே இடது காலால் இழுத்தாள். மேற்பார்வைக்காரர் இப்போது பலகையை மறந்துவிட்டு, நியாயத்துக்கு விரோதமாக, "விடாதம்மா, விடாத" என்று கத்திக்கொண்டு வந்தார்.

முடிவுக் கோட்டில் ஒலிபெருக்கி அவள் எண்ணைச் சொன்னபோது, மாமா பக்கத்தில் நின்றவரிடம், "தப்பாச் சொல்றாங்க, அது எங்க வீட்டுப் பொண்ணு நம்பரு. அவ இனிமேத்தான் வருவா, மெதுவா" என்று விளக்கியிருக்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒட்டுப்போட்ட சட்டை வளைவில் தெரிந்திருக்கிறது. அப்புறம் அவர் என்ன செய்தார் என்று அவருக்கு நினைவில்லை. ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் தோளில் ஏறப் பார்த்ததாகச் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்.

டீச்சர் அவளுக்கு நாலு சைக்கிள் நீளம் பின்னால் வந்தாள்.

கோட்டைத் தாண்டியதும் குக்கருக்கு இறங்கத் தெரியவில்லை. கால் மடங்க மறுத்தது. மாமா அவளைச் சைக்கிளோடு சேர்த்துத் தாங்கிப் பிடித்து, குனிந்து ஷூவைக் கழற்றினார். டீச்சர் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"நீ நின்னுடுவேன்னு நெனச்சோம்டி."

"நானும் அப்படித்தான் டீச்சர் நெனச்சேன்."

டீச்சர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி அக்கா வந்தாள். கழிவறை வரிசையில் நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு பந்தயம் முடியும்வரை காத்திருக்குமா!

"என்ன ஆச்சு? ஏன் இவளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? விழுந்துட்டாளா?"

"ஜெயிச்சுட்டாடி!" என்றார் மாமா.

"அதான் மெஷினைச் சொன்னாங்களே, கேட்டுச்சு."

"மெஷின் இல்லடி. எல்லாத்தையும்! மொதல்ல வந்துட்டா!"

அக்கா தங்கையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், காலியாகிவிட்ட கோட்டைப் பார்த்தாள். முகம் கோணி அழுகை வந்துவிட்டது.

"நான் பாக்கவே இல்லையேடி. இத்தனை வருஷத்துல ஒரு தடவை... இன்னொரு தடவை வாயேண்டி அந்த வளைவுலேர்ந்து, சும்மா வந்து காட்டேன்!"

குக்கர் நிஜமாகவே சைக்கிளைத் திருப்பப் பார்த்தாள். இரண்டடி வைப்பதற்குள் தொடை பிடித்துக்கொண்டு, அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது.

முதல் பரிசாக ஒரு கோப்பையும் ஒரு உறையும் கொடுத்தார்கள். உறையில் இருந்தது இரண்டு நல்ல டயருக்குக் காணும். கோப்பையை என்ன செய்வது என்று தெரியாததால் அது இரண்டு நாள் கட்டிலடியில் கிடந்தது. மூன்றாம் நாள் அக்கா அதில் பொத்தான்களைக் கொட்டி, ஜன்னலோரத்தில் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே மாடிப்படியில் பாவாடையும் கால்சட்டையுமாக அக்கம்பக்கத்தார் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சரின் குழு குக்கரைச் சேர்த்துக்கொண்டது. சம்பளம் எதுவும் கிடையாது. ஆனால் நுழைவுக் கட்டணத்தை அவர்கள் கட்டிவிடுவார்கள், பஞ்சரானால் வேறு சக்கரம் கொடுப்பார்கள். சலவைக்கூடத்தில் காலை ஆறு மணி அப்படியே இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு வந்த பந்தயத்தில், மற்றக் குழுக்காரர்கள் யாரும் அவளைப் போகவிடவில்லை. கொஞ்சம் எழுந்து மிதித்தால் போதும், ஐந்தாறு பேர் பின் சக்கரத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். பதினேழாவதாக வந்தாள். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மாமா மட்டும் லாரியோடு வந்திருந்தார்.

"பாதி வழியில என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார், சைக்கிளைக் கேன்களுக்கு நடுவில் கட்டிக்கொண்டே.

"மிக்ஸின்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? யாரு கொண்டு போனா?"

"தெரியல மாமா. நான் கவனிக்கல."

மாமா கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். மிக்ஸி போனதில் அவருக்கு வருத்தம்தான் என்று முகத்திலேயே தெரிந்தது. "அடுத்த தடவை அந்த ஏத்தத்துக்கு முன்னாடியே போயிடு. அங்க விட்டா அவங்க உன்னைப் பிடிச்சிடறாங்க" என்றார்.

"டீச்சரும் அதையேதான் சொன்னாங்க" என்றாள் அவள், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு. லாரி முதல் சிக்னலை எட்டுவதற்குள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கதவில் சாய்ந்து தூங்கிப்போனாள். மாமா ரேடியோவை அணைத்துவிட்டு, மேடு பள்ளம் பார்த்து, மெதுவாகவே ஓட்டினார்.